ஒன்பது தசம் நான்கு

நான் என் மகனுக்குச் சொன்ன முதல் பொய் ஒன்பது தசம் நான்கு. அதற்கு முன் சொன்னவையெல்லாம் தாய்மார் எல்லோரும் சொல்கிறவை. சாப்பிட்டுவிட்டேன், நல்ல நித்திரை, கால் நோவு இப்போது இல்லை. அவற்றை நான் பொய்யில் சேர்ப்பதில்லை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் என் சின்னக் கார் உண்மையில் குடித்திருந்தது நூறு கிலோமீற்றருக்கு ஐந்து தசம் எட்டு லீற்றர். நானூற்று இருபது கிலோமீற்றர் ஓடி, இருபத்துநாலு தசம் நான்கு லீற்றர் அடித்திருந்தேன். ரிசீற் கையில் இருந்தது. எண்ணெய்க் கணக்குக் கொப்பியில் சரியாகத்தான் எழுதினேன். பிறகு போனை எடுத்து, லீற்றர் என்ற இடத்தில் முப்பத்தொன்பதரை என்று தட்டி மகனுக்கு அனுப்பினேன். ஒருதரம்கூட யோசிக்கவில்லை. அதுதான் பின்னால் எனக்கு வெட்கமாக இருந்தது.

இது ஏன் என்று சொல்ல, கார் எப்படி என்னிடம் வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

அது மகனின் கார். நான்கு கதவு, சின்ன எஞ்சின், பின்சீற்றில் இரண்டு பேருக்கு மேல் இருந்தால் தோள் இடிக்கும். அவனுக்குக் கல்கரியில், விமானத்தில் நாலு மணித்தியாலத் தூரத்தில், வேலை கிடைத்தது. போன வருடம் ஏப்ரலில் போகும்போது சாவியை என்னிடம் தந்துவிட்டுப் போனான். அவனுடைய அப்பா இறந்து எட்டு வருடம். வேறு பிள்ளைகள் இல்லை. மோர்னிங்சைட்டில் இரண்டு அறை அப்பார்ட்மென்டில் நானும், எந்நேரமும் உறுமிக்கொண்டிருக்கும் பிரிட்ஜும்தான் மிச்சம். பிக்கரிங்கில் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் பாண் பொதி செய்யும் லைனில் எனக்கு வேலை. அதுவரை கூட வேலை செய்த ஒருத்தியின் காரில் போய்வந்தேன். அவள் அஜக்ஸில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

விமான நிலையத்துக்குப் போகும் வழியில் மகன் சொன்னான்:

"அம்மா, ஒவ்வொரு முறையும் ஃபுல் டாங்க் அடியுங்கோ. பம்ப் கைபிடி முதல்தரம் டக் எண்டு நிண்டவுடன விட்டிடுங்கோ, மேல அமத்தாதேங்கோ. எத்தினை கிலோமீற்றர் ஓடினது, எத்தினை லீற்றர் போனது, ரெண்டையும் எனக்கு டெக்ஸ்ட் பண்ணுங்கோ."

"ஏன், டாஷ்போர்டில காட்டுதுதானே?"

"அது பொய் சொல்லும் அம்மா. எப்பவும் குறைச்சுத்தான் காட்டும். நீங்கள் அனுப்பினா எனக்கு ரியல் நம்பர் தெரியும். நம்பர் ஏறினா காரில ஏதோ பிழை எண்டு அர்த்தம். நீங்கள் தனிய 401 ஹைவேயில நிக்கக் கூடாது."

கடைசி வசனத்துக்காகவே நான் ஒரு கொப்பி வாங்கினேன்.

முதல் நம்பர் எட்டு தசம் மூன்று. அனுப்பின அரைமணித்தியாலத்தில் பதில் வந்தது. "நம்பர் ஹை அம்மா. ரயர் காத்துப் பாருங்கோ." பார்த்தேன். நான்கிலும் குறைவு. காற்றடித்தேன். அடுத்தது ஏழு தசம் ஒன்பது. "குட். டிக்கியில என்ன கிடக்கு?" டிக்கியில் கிடந்தவற்றை எழுதினால் ஒரு கடை திறக்கலாம்: பனிக்குத் தூவும் உப்புமூட்டை, கோயில் திருநாளுக்குக் கொண்டுபோகும் மடக்குக் கதிரைகள் நான்கு, தண்ணீர்ப் போத்தல் பெட்டி, அவனுடைய பட்மின்ரன் பை. எல்லாவற்றையும் லிஃப்டில் மேலே ஏற்றினேன். பையை மட்டும் விட்டுவைத்தேன். "வெறுமையாக்கிட்டன்" என்று எழுதினேன். அதையும் பொய்யில் சேர்ப்பதில்லை.

நான் தீவுப் பகுதியில் பிறந்தவள். சண்டையால் பெற்றோல் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியதைப் பார்த்தவள். துளி எண்ணெயின் அருமையை எனக்கு ஒருவர் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனாலும் மகன் சொல்லித் தந்தான், நானும் ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டுக்கொண்டேன். தூரத்தில் சிவப்பு விளக்கைக் கண்டால் அப்போதே காலை எடு. 401-இல் நூறுக்கு மேல் போகாதே. காலையில் காரை ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிடம் சும்மா ஓட விடாதே. மோர்னிங்சைட் அவெனியூ ஆற்றுப் பள்ளத்துக்கு இறங்கும் அந்த நீள இறக்கத்தில் நான் நியூட்ரலில் போட்டு வழுக்கிக்கொண்டு போனதைப் பெருமையாகச் சொன்னபோது, அவன் வேலையிடத்திலிருந்தே போன் எடுத்துப் பேசினான். "நியூட்ரல் போடாதேங்கோ அம்மா! கியரிலயே விட்டுக் காலை எடுத்தா எஞ்சின் எண்ணெய் குடிக்காது. நியூட்ரலில குடிக்கும்." எனக்கு நல்ல ஏச்சு. அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்.

எனக்குப் பின்னால் வந்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஹோர்ன் அடித்தார்கள். ஒருவன் முந்திக்கொண்டு போகும்போது விரலைக் காட்டினான். நான் சிலுவை அடையாளம் போட்டு அனுப்பிவைத்தேன். டாஷ்போர்டில் ஒட்டியிருந்த விரல் உயர மாதா சுருவத்துக்கும் எனக்கும் அவசரம் இல்லை.

ஏழு தசம் இரண்டு. ஆறு தசம் ஆறு. ஓகஸ்ட்டில் ஐந்து தசம் நான்கு வந்தது. "வாவ்" என்று எழுதியிருந்தான். பக்கத்தில் கை தட்டும் படம். அந்தக் காரில் அவனே ஏழுக்குக் கீழே போனதில்லை என்று எனக்குத் தெரியும். செப்டெம்பர் கடைசியில் ஒருநாள் கொப்பியைத் தேநீருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தேன். வயது ஐம்பத்தாறு, ஒரு விஷயத்தில் நான் கெட்டிக்காரி என்று எழுத்தில் இருப்பது அதுதான் முதல்தடவை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே மற்றதும் கண்ணில் பட்டது. திகதிகள்.

ஏப்ரலில் பதினொரு நாளைக்கு ஒருதரம் எண்ணெய் அடித்திருக்கிறேன். ஓகஸ்ட்டில் பதினாறு, பதினேழு நாளைக்கு ஒருதரம். கார் குறைவாகக் குடிக்கக் குடிக்க, நான் அவனுக்கு எழுதுவதும் குறைந்துகொண்டு வந்திருக்கிறது. பிழை கண்டுபிடிக்க ஒன்றும் இல்லாததால் அவன் எழுதுவதும் சுருங்கி, செப்டெம்பரில் ஒரு பெருவிரல் படமாக வந்து நின்றது. வசனம் இல்லை, அம்மா என்ற சொல்லும் இல்லை. நான் எவ்வளவு கவனமாக ஓட்டினேனோ அவ்வளவுக்கு என் பிள்ளையின் குரல் என்னிடமிருந்து தள்ளிப் போயிருக்கிறது. யாரும் என்னை ஏமாற்றவில்லை. நானே ஓடி ஓடி அதைச் செய்திருக்கிறேன்.

போன் எடுக்கலாமே என்று கேட்பீர்கள். எடுத்தேன். "மீற்றிங்கில நிக்கிறன் அம்மா, பிறகு எடுக்கிறன்" என்பான். அந்தப் பிறகு வராது. வேண்டுமென்று செய்கிறவன் இல்லை, மறந்துபோகிறவன். நீ ஏன் எடுக்கவில்லை என்று கேட்க எனக்கு வாய் வராது. பிள்ளையிடம் கெஞ்சி வாங்கும் கதை எனக்கு வேண்டாம் என்று ஒரு வீம்பு. அந்த வீம்பை மடியில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்து, சமைத்ததில் பாதியைப் பெட்டிகளில் போட்டு பிரிட்ஜில் வைத்துவிட்டு, போன் மேசையில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தனிமை என்றால் பயம் என்று நினைத்திருந்தேன். பயம் இல்லை. ஒரு நாள் முழுக்க வாய் திறக்காமல் இருந்துவிட்டு, திங்கட்கிழமை காலை லைனில் யாரோ குட் மோர்னிங் சொல்லும்போது குரல் வர ஒருதரம் செருமிக்கொள்ள வேண்டியிருக்கும். எனக்கு வந்த தனிமை அதுதான்.

நவம்பரில் அந்த ஒன்பது தசம் நான்கை அனுப்பினேன்.

நான்கு நிமிடத்தில் போன் அடித்தது.

"அம்மா! என்ன நடந்தது? வெறும் டாங்கிலயோ ஓடினீங்கள்? நாற்பது லீற்றர் போயிருக்குதே!"

"ஓம், எண்ணெய் முள்ளு கீழதான் நிண்டது."

"பிரேக் இறுகிப்போய் நிக்குதோ? ஓடிப்போட்டு இறங்கேக்க சில்லுப் பக்கம் மணக்குதோ?"

"மணக்கேல்லை."

"வின்ரர் ரயர் மாத்தினதால கொஞ்சம் ஏறும். ஆனா இவ்வளவு ஏறாது."

நாற்பது நிமிடம் பேசினான். பிரேக்கில் தொடங்கி, எஞ்சினுக்குப் போய், கல்கரியில் இப்போதே பனி கொட்டுவதற்கு வந்து, தான் கத்தரிக்காய்க் குழம்பு வைத்து அது களியாகிப் போனதில் முடித்தான். நான் சோபாவில் காலை மடித்துக்கொண்டு இருந்து கேட்டேன். போனை வைத்த பிறகும் காது சூடாக இருந்தது.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. ஒன்பது தசம் ஒன்று. ஒன்பது தசம் ஆறு. தை மாதக் குளிரில் துணிந்து பத்து தசம் இரண்டு. போனில் அனுப்பியது இவை. கொப்பியில் மட்டும் உண்மையை எழுதினேன், அதில் கை வைக்க மனம் வரவில்லை. உண்மையில் அந்தக் குளிரிலும் நான் ஏழு லீற்றரைத் தொடவில்லை. இரண்டு சோடி சொக்ஸ் போட்டுக்கொண்டு, ஹீற்றரைத் தாமதமாகப் போட்டு, முட்டையின் மேல் கால் வைப்பதுபோல் ஓட்டினேன். நன்றாக ஓட்டுவதையும் விட முடியவில்லை, மோசமாக ஓட்டுகிறேன் என்று சொல்வதையும் விட முடியவில்லை. கெட்டிக்காரத்தனம் கொப்பிக்குள்ளே இருக்க, வெளியே அதை நானே மறுத்துக்கொண்டிருந்தேன்.

மகன் விடவில்லை. கராஜுக்கு அனுப்பினான். அங்கே நம் ஆள் ஒருவர் காரை உயர்த்தி, சில்லுகளைக் கையால் சுழற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, கார் தங்கமாயிருக்குது, ஆர் பிழை எண்டு சொன்னது?" என்றார். நான் மாதாவே என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். மகனிடம் சொன்னபோது, "அவருக்குத் தெரியாது அம்மா" என்றான். வெப்பநிலை, ரயர் காற்று, நான் ஓடும் தூரம் எல்லாவற்றையும் போட்டு ஒரு வரைபடம் கீறி அனுப்பினான். வேலை முடிந்து வந்து இரண்டு மூன்று மணித்தியாலம் அதில் இருந்திருக்கிறான். கோடு நவம்பரில் சுவரில் ஏறும் பல்லிபோல் நேராக மேலே போயிருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. என் பிள்ளை இல்லாத ஒரு நோய்க்கு மருந்து தேடிக்கொண்டிருந்தான்.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். தமிழ்ப் பூசைக்கு வரும் ஃபாதர் என் மகனைவிட இளையவர்.

"பொய் சொன்னனான் ஃபாதர்."

"எத்தினை தரம் அம்மா?"

"ஏழு டாங்க்."

ஃபாதர் வலைக்குக் கிட்டக் காதைக் கொண்டுவந்தார். "விளங்கேல்லை அம்மா" என்றார். விளங்கப்படுத்தினேன். லீற்றர், கிலோமீற்றர், நூறால் பெருக்குவது, எல்லாவற்றையும். பின்னால் வரிசையில் நின்றவர்கள் நான் கொலை செய்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள், அவ்வளவு நேரம் எடுத்தது.

"மகனுக்கு உண்மையைச் சொல்லுங்கோ. அதுதான் உங்கட பிராயச்சித்தம்" என்றார் கடைசியில்.

"வேற ஏதும் தாங்கோ ஃபாதர். ஐம்பத்து மூண்டு மணியும் சொல்லுறன். ஒவ்வொரு நாளும் சொல்லுறன்."

"செபமாலையை நீங்கள் எப்பிடியும் சொல்லுவீங்கள் அம்மா. இதைச் செய்யுங்கோ."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். சிவப்பு விளக்குகளில் நின்றபடி, மகனே, உன்னோடு கதைக்க ஆசையாக இருந்தது, அதனால்தான் என்று. காருக்குள் நன்றாகத்தான் வந்தது. வீட்டுக் கதவைத் திறக்கும்போது போன் அடித்தது. அவன்தான்.

"அம்மா, நான் வாற கிழமை வாறன். ரெண்டு நாள். உங்களுக்கு ஒரு சர்ப்பிரைஸ்."

வந்தான். இரண்டு நாள் என்பது இரண்டு இரவும் ஒன்றரைப் பகலும்தான், ஆனாலும் வந்தான். பெட்டி பெட்டியாக வைத்திருந்த இறைச்சிக் கறியெல்லாம் இரண்டே வேளையில் முடிந்தது. சனிக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு வெள்ளைக் காருக்கு முன்னால் நிறுத்தினான். புதியது, அதுவும் சின்னக் கார்தான். பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடும் வகை. பழையதை அங்கேயே கொடுத்துவிட்டு இதை எடுப்பதற்கு எல்லா ஏற்பாடும் செய்துவிட்டிருந்தான்.

"அந்தக் காரில எனக்கு நம்பிக்கை இல்லை அம்மா. என்ன பிழை எண்டு கண்டுபிடிக்கவும் ஏலேல்லை. ஒவ்வொரு நாளும் உங்களை நினைச்சுப் பயமாக் கிடக்கு."

அப்போது சொல்லியிருக்கலாம். தங்கமான கார், ஒரு பிழையும் இல்லை, பிழை என்னில் என்று. அவன் பழைய காரின் டிக்கியைத் திறந்து பட்மின்ரன் பையைக் கண்டு, "இதையேன் இன்னும் வைச்சிருக்கிறியள்?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். மாதா சுருவத்தை ஒட்டு விடுவித்துக் கைப்பைக்குள் போட்டேன். சொல்லவில்லை.

புதுக் காருக்குள் இருந்து தன்னுடைய போனைக் காட்டினான். அதில் ஒரு செயலி. கார் எங்கே நிற்கிறது, எவ்வளவு ஓடியது, நூறு கிலோமீற்றருக்கு எவ்வளவு குடித்தது, நான்கு ரயரிலும் எவ்வளவு காற்று, எல்லாம் கல்கரியில் இருந்தபடியே தெரியுமாம்.

"இனி நீங்கள் ஒண்டும் எழுதத் தேவையில்லை அம்மா. கார் தானே எனக்குச் சொல்லும்."

நல்லது என்றேன். விமான நிலையத்தில் அவனை இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது 401-இல் எண்பதில் வந்தேன். கண்ணீரில் கண் தெரியவில்லை.

புதுக் கார் நான்கு தசம் ஐந்துதான் குடித்தது. முதல் டாங்க் அடித்தபோது பழக்கதோஷத்தில் அதை எழுதி அனுப்பினேன். "இஞ்ச தெரியுது அம்மா" என்று பதில் வந்தது. பெருவிரல் படத்தோடு. அதன் பிறகு மூன்று கிழமை ஒன்றும் இல்லை. அவன் மேல் பிழை சொல்ல முடியாது. அவனுக்குப் பயம் போய்விட்டது. ஒவ்வொரு நாளும் போனைப் பார்த்து, கார் பிக்கரிங் போய் வந்துவிட்டது, அம்மா சுகம் என்று நிம்மதியாக இருந்திருப்பான். நான்தான் என் கையால் என்னை அந்தச் செயலியில் ஒரு புள்ளியாக்கிக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, காரைக் கீழே பார்க்கிங்கில் விட்டுவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போனேன். யோசித்துச் செய்ததா என்று கேட்டால், காலையில் சாவியை எடுத்து, திரும்ப ஆணியில் கொழுவினேன், அவ்வளவுதான் தெரியும். இரண்டு பஸ் மாற வேண்டும். காரில் இருபத்தைந்து நிமிடம், பஸ்ஸில் ஒன்றேகால் மணித்தியாலம். இரண்டாவது பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் கூரை இல்லை. மழையும் பனியும் கலந்து கொட்டியது. செவ்வாயும் போனேன். புதனும் போனேன். ஞாயிறு பூசைக்கும் பஸ். அடுத்த கிழமையும் பஸ். வேலையிடத்தில் கார் பழுதோ என்று கேட்டார்கள். ஓம் என்றேன்.

பதினோராம் நாள், வியாழன் பின்னேரம், ஈரச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"அம்மா, கார் பத்து நாளா அசையேல்லை! சுகமில்லையோ? காய்ச்சலோ? ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

குரலில் அப்படி ஒரு பதற்றம். காய்ச்சல் என்று சொன்னால் போதும். நாளைக்கும் எடுப்பான், நாளையின்றைக்கும் எடுப்பான். இருமல் என்று இன்னும் ஒரு கிழமை இழுக்கலாம். சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"காய்ச்சல் ஒண்டும் இல்லை. பஸ்ஸில போறனான்."

"பஸ்ஸிலயோ? ஏன்?"

"கார் அசையாட்டி நீ எடுப்பாய் எண்டு."

"கொஞ்சம் பொறு, வைச்சிடாத" என்று சொல்லிவிட்டு, அலுமாரிக்குள் இருந்த கொப்பியை எடுத்து வந்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நவம்பர் பக்கத்தைத் திறந்து வாசித்தேன். ஐந்து தசம் எட்டு. ஆறு. ஆறு தசம் இரண்டு. ஆறு தசம் ஆறு. ஆறு தசம் ஏழு. ஆறு தசம் நான்கு. ஆறு தசம் ஒன்று.

"உது என்ன அம்மா?"

"அந்தக் கார் உண்மையில குடிச்சது. உனக்கு அனுப்பினதெல்லாம் பொய். காரில ஒரு பிழையும் இருக்கேல்லை."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இல்லை, நிமிடங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"வின்ரர் ரயரோட ஐஞ்சு தசம் எட்டோ, அம்மா?" என்றான்.

"ஓம்."

"அது சரியான நல்ல நம்பர்." குரல் உடைந்திருந்தது. எனக்கும் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. நவம்பரில் கேட்டிருக்க வேண்டிய சொல். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தோம். கல்கரிக்கும் மோர்னிங்சைட்டுக்கும் இடையில் வேறு சத்தம் இல்லை.

"நாளைக்குக் காரில போங்கோ அம்மா" என்றான் பிறகு.

"நீ எடுத்தா போறன்" என்றேன். என் வாழ்நாளில் அவனிடம் நேராகக் கேட்டது அது ஒன்றுதான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எடுக்கிறான். எல்லா ஞாயிறும் இல்லை. எடுக்காவிட்டால் திங்கட்கிழமை காலை நான் சாவியை ஆணியிலேயே விட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போய் நிற்கிறேன். கார் அதை அவனுக்குச் சொல்லும்.